தூரம் அதேதான்... நேரம்தான் நீண்டுவிட்டது!

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு எவ்வளவு தூரம் என்று தேடினால், சுமார் 7,800 கிலோமீட்டர் என்று பதில் வரும். 'விமானத்தில் எத்தனை மணி நேரம்?' என்று அடுத்துக் கேட்டால், ஒன்பது அல்லது ஒன்பதரை மணி நேரம் என்று சொல்லும் கணிப்பான்கள் இருக்கின்றன. கணக்கில் பிசகில்லை. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம், ஏறி இறங்க ஓர் அரை மணி என்று வைத்தால் விடை அதுதான். 2022 பிப்ரவரி வரை விமானங்களும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு டிக்கெட்டில் அச்சாகும் பயண நேரம் சுமார் 13 மணி.

ஊர்கள் இடம்பெயரவில்லை. விமானமும் பழையது அல்ல. பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் இந்த வழியில் ஓட்டுவது ஏர்பஸ் ஏ350. ஐரோப்பாவிலேயே முதன்முதலாக, 2015-ல், அந்த ரகத்தை வாங்கிய நிறுவனம் அது. ஆனாலும் மூன்றரை மணி நேரம் கூடிவிட்டது. இந்த மூன்றரை மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் புகுந்தால், நாம் பள்ளிக்கூடத்தில் படித்த 'தூரம், வேகம், நேரம்' சூத்திரத்துக்குள் அடங்காத பல விஷயங்கள் வெளியே வருகின்றன. போர், காற்று, உறைபனி, அரசுகளுக்கு இடையிலான வன்மம் என்று எல்லாமே அதில் உண்டு.

முதலில் நேர்வழி எது என்று பார்த்துவிடலாம். சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், அது தென்கிழக்காக இறங்கி மத்திய ஆசியா, சீனா வழியாகப் போகும். அது குறுக்குவழி அல்ல. ஓர் உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களின் மீதும் விரல் வைத்து, நடுவில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் முதலில் வடக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைத் தொட்டுவிட்டு, சைபீரியாவின் மேல் சாய்ந்து இறங்கி, ஜப்பான் கடலைக் கடந்து டோக்கியோவை அடையும். 60-வது அட்சரேகையில் இருக்கும் ஊரிலிருந்து 35-வது அட்சரேகைக்கு, அதாவது தெற்கே போகவேண்டியவர்கள், வடக்கு நோக்கிக் கிளம்ப வேண்டும். உருண்டையான பூமியில் குறுக்குவழி அப்படித்தான் அமைகிறது. அந்த நூலில் பின்லாந்தின் ஓரத்துத் துண்டையும் ஜப்பானை ஒட்டிய கடலையும் கழித்துவிட்டால், மிச்சம் ஏறக்குறைய முழுக்க ரஷ்யா. ஒரே நாடு. அந்த ஒரு நாட்டின் சம்மதம் இருந்தால் ஒன்பதரை மணி, இல்லாவிட்டால் பதின்மூன்று மணி.

ஆங்கரேஜில் ஒரு கிண்ணம் ஊடோன்

இப்படி நடப்பது முதல் தடவை அல்ல. பனிப்போர்க் காலத்தில் சோவியத் யூனியன் தன் வானத்தை மேற்கத்திய விமானங்களுக்குத் திறக்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குப் போகிறவர்கள் மத்தியக் கிழக்கு, இந்தியா, தென்கிழக்கு ஆசியா என்று ஊர் ஊராக இறங்கி ஏறிப் போனார்கள்; இரண்டு நாட்கள் பிடித்தது. 1957 பிப்ரவரி 24 அன்று ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ். இதற்கு மாற்று கண்டது. கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்டு, வட துருவப் பகுதியைக் கடந்து, அலாஸ்காவின் ஆங்கரேஜில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு டோக்கியோவுக்குப் போகும் வழி அது. விசிறி சுற்றும் டி.சி.7சி ரக விமானங்கள். சுமார் 32 மணி நேரத்தில் பயணம் முடிந்தது. அதைப் பெரிய சாதனையாக உலகம் கொண்டாடியது, நியாயமாகவே.

அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே பறந்தவர்கள் தூக்கக் கலக்கத்தோடு ஆங்கரேஜில் இறங்கினார்கள். விமான நிலையத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம்செய்யப்பட்ட பனிக்கரடி ஒன்று நிமிர்ந்து நிற்கும். பக்கத்திலேயே ஜப்பானியர்களுக்காக ஓர் ஊடோன் கடை. கெட்டியான கோதுமை நூடுல்ஸைச் சூடான குழம்புச் சாற்றில் போட்டுத் தரும் எளிய சாப்பாடு அது. வாரக்கணக்கில் ஐரோப்பியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பும் ஜப்பானியருக்கு, தாய்நாட்டுக்கு இன்னும் ஏழெட்டு மணி நேரம் இருக்கும்போதே வாய்க்குக் கிடைத்த தாய்ருசி. அந்தத் தலைமுறை ஜப்பானியர்கள் ஆங்கரேஜ் என்றதும் இன்றைக்கும் ஊடோனைத்தான் சொல்கிறார்கள். ஒரு வானம் மூடப்பட்டதால் உருவான ஊர் நினைவு அது.

சுற்றுவழியில் ஆபத்தும் இருந்தது. 1978 ஏப்ரல் 20 அன்று பாரிஸிலிருந்து ஆங்கரேஜ் வழியாக சியோலுக்குக் கிளம்பிய கொரிய விமானம், துருவத்துக்கு அருகே திசை தவறிச் சோவியத் எல்லைக்குள் நுழைந்துவிட்டது. போர் விமானம் சுட்டது. இரண்டு பயணிகள் இறந்தார்கள். இறக்கை சிதைந்த விமானத்தை விமானி உறைந்த ஏரி ஒன்றின் மீது இறக்கினார். உயிர் தப்பிய 107 பேரில் பயணிகள் மூர்மான்ஸ்க் வழியாகக் கொண்டுவரப்பட்டு இறங்கிய ஊர் ஹெல்சிங்கி. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1983 செப்டம்பர் 1 அன்று, நியூயார்க்கிலிருந்து ஆங்கரேஜ் வழியாக சியோலுக்குப் போன மற்றொரு கொரிய விமானமும் வழி விலகியது. சகாலின் தீவுக்கு அருகே சோவியத் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அமெரிக்க ராணுவத்துக்காக உருவாகிக்கொண்டிருந்த ஜி.பி.எஸ். வசதியைப் பயணிகள் விமானங்களுக்கும் இலவசமாகத் தருவோம் என்று அமெரிக்க அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது இந்தத் துயரத்துக்குப் பின்னர்தான். நம் கைபேசியில் தெருத்தெருவாக வழி சொல்லும் வசதியின் வரலாற்றில் அந்த 269 உயிர்களும் இருக்கின்றன.

அதே 1983-ல், இந்தத் துயரத்துக்குச் சில மாதங்கள் முன்பு, ஏப்ரலில், ஃபின்ஏர் துணிச்சலான காரியம் ஒன்றைச் செய்தது. ஆங்கரேஜில்கூட இறங்காமல் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒரே மூச்சில் பறந்தது. மூன்று என்ஜின் கொண்ட டி.சி.10 விமானத்தில் கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்தி, வட துருவத்தைத் தாண்டி, பெரிங் நீரிணை வழியாக இறங்கிப் போனார்கள். பயண நேரம் சுமார் 13 மணி. நாற்பது ஆண்டுகளில் விமானத் தொழில்நுட்பம் எவ்வளவோ முன்னேறிய பிறகும், இன்றைய டிக்கெட்டில் திரும்பவும் அதே 13 இருப்பதைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது.

இருபத்துநான்கு மணி நேரக் கணக்கு

சோவியத்தின் பூட்டு மெல்ல மெல்லத்தான் திறந்தது. ஜப்பான் ஏர்லைன்ஸ் 1967-லேயே சோவியத் நிறுவனமான ஏரோஃப்ளோட்டோடு சேர்ந்து டோக்கியோ - மாஸ்கோ சேவையைத் தொடங்கியிருந்தது. சோவியத் தளர்ந்து, பிறகு உடைந்தபோது சைபீரிய வானம் பரவலாகத் திறந்தது. இலவசமாக அல்ல. மேலே பறப்பதற்கு ஐரோப்பிய நிறுவனங்கள் ரஷ்யாவுக்குக் கட்டிய கட்டணம் ஆண்டுக்குப் பல நூறு மில்லியன் டாலர். அது நியாயமற்றது என்று ஐரோப்பிய ஒன்றியம் பல ஆண்டுகள் வாதாடியது. இருந்தும் கட்டினார்கள், ஏனென்றால் சுற்றிப்போனால் அதைவிடச் செலவு.

இந்தத் திறப்பால் அதிகம் பலன் கண்டது பின்லாந்து. சுமார் 55 லட்சம் பேர் வாழும் சின்ன நாடு. அதன் தலைநகரிலிருந்து தினமும் டோக்கியோ, ஒசாகா, சியோல், ஷாங்காய் என்று பெரிய விமானங்கள் பறக்கக் காரணம், அந்த ஊர் உலக உருண்டையில் அமைந்திருக்கும் இடம். மேற்கு ஐரோப்பாவின் பெரும்பாலான ஊர்களிலிருந்து கிழக்கு ஆசியாவுக்கு நூல் பிடித்தால், அது பின்லாந்துக்குப் பக்கத்தில்தான் போகும். இதை வைத்து ஃபின்ஏர் போட்ட கணக்கு நுட்பமானது. பிற்பகலில் ஐரோப்பாவின் பல ஊர்களிலிருந்து சிறிய விமானங்கள் ஹெல்சிங்கிக்கு வந்து குவியும். பயணிகள் அங்கே மாறிக்கொண்டு மாலையில் ஆசியாவுக்குக் கிளம்புவார்கள். ஒன்பதரை மணியில் டோக்கியோ. அங்கே சுத்தம் செய்து, எரிபொருள் நிரப்பி, ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்ப பத்து மணி. ஆக, நேற்று மாலை கிளம்பிய விமானம் இன்று பிற்பகலில் வீட்டுக்கு வந்துவிடும். மாலையில் மறுபடியும் கிளம்பலாம். ஒரு விமானம், ஒரு நாள், ஒரு சுற்று. ஆசியாவுக்குப் போய்வரும் விமானத்தை 24 மணி நேரத்துக்குள் திருப்ப முடிகிற ஐரோப்பிய ஊர்கள் மிகக் குறைவு. அந்த நிறுவனத்தின் பிழைப்பே இந்த ஒரு கணக்கின் மீது நின்றது.

விமான நிலையமும் இதை நம்பித்தான் வளர்ந்தது. 2013 முதல் சுமார் 100 கோடி யூரோ செலவில் விரிவாக்கம் செய்தார்கள். வழிகாட்டிப் பலகைகளில் ஜப்பானிய, சீன, கொரிய எழுத்துகளும் இடம்பெற்றன. ஜப்பானியர்களுக்கும் பின்லாந்துக்கும் இடையே ஒட்டுதல் ஏற்கெனவே உண்டு. பின்லாந்து எழுத்தாளர் டூவே யான்சன் படைத்த மூமின் கதாபாத்திரங்கள் ஜப்பானியக் குழந்தைகளுக்கு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. ஹெல்சிங்கியில் சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஜப்பானியப் பெண்ணைப் பற்றி நவோகோ ஒகிகாமி 2006-ல் எடுத்த 'கமோமே ஷொகுடோ' படம் வந்தபின், அந்தக் கடை இருந்த தெருவைத் தேடியே ஜப்பானியர்கள் விமானம் ஏறினார்கள்.

2021 டிசம்பரில் புதிய முனையம் திறக்கப்பட்டது. மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. பிப்ரவரி 27 அன்று ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. மறுநாளே ரஷ்யா 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. உக்ரைன் மக்கள் அனுபவிக்கும் கொடுமையின் முன்னால் இதெல்லாம் சின்ன விஷயம்தான். ஆனாலும் ஓர் ஊரின் முப்பது ஆண்டு உழைப்பு இரண்டு நாளில் அர்த்தம் இழந்தது என்பதும் உண்மை.

மார்ச் 9 அன்று ஃபின்ஏர் டோக்கியோவுக்கு மறுபடி பறக்கத் தொடங்கியது. இரண்டு வழிகள். ஒன்று, தெற்கே இறங்கித் துருக்கி, காகசஸ் பகுதி, கஜகஸ்தான், சீனா, கொரியா என்று போவது. மற்றது, நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளைத் தாண்டி வட துருவத்தின் மேலேறி, அலாஸ்கா பக்கம் இறங்குவது. உருண்டையின் மேல் அளந்துபார்த்தால் இந்தத் துருவ வழி மட்டுமே 10,500 கிலோமீட்டருக்கு மேல். 24 மணி நேரச் சுற்று அதோடு முடிந்தது. ஒரே அட்டவணைக்குக் கூடுதல் விமானம், கூடுதல் விமானிகள், கூடுதல் எரிபொருள் தேவைப்பட்டன. ஆசிய சேவைகள் குறைந்ததால் தன்னிடம் மிஞ்சிய விமானங்களையும் பணியாளர்களையும் நிறுவனம் பிறருக்கு வாடகைக்குக் கொடுத்தது. மேற்கே திரும்பி டல்லஸ், சியாட்டில் என்று அமெரிக்க ஊர்களைத் தேடிப் போனது.

எரிபொருள் என்று சொன்னேன். கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. ஏ350 மணிக்கு ஏறத்தாழ 6 டன் எரிபொருள் குடிக்கும். மூன்றரை மணி நேரம் கூடினால் ஒரு தடவைக்கு 20 டன் அதிகம். ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் 3 கிலோவுக்குச் சற்று அதிகமாகக் கரியமில வாயு வெளியேறுகிறது. அப்படியென்றால் ஒரே பயணத்தில், ஒரே திசையில், 60 டன்னுக்கு மேல் கூடுதல் கரியமில வாயு. யாரும் எங்கேயும் கூடுதலாகப் போய்ச் சேரவில்லை, அதே ஊர்தான். பருவநிலை மாநாடுகளில் உறுதிமொழி வாசிக்கும் அரசுகள் இந்த வாயுவை யார் கணக்கில் எழுதப்போகின்றன?

துருவத்தின் மேலே

துருவத்தின் மேலே பறப்பது மற்ற பயணங்கள் மாதிரி இல்லை. காந்த ஊசி அங்கே உதவாது. பூமியின் காந்தத் துருவம் வேறு, சுழற்சித் துருவம் வேறு. இரண்டுக்கும் நெருக்கத்தில் ஊசி தடுமாறும். அதனால் விமானியறைத் திரைகள் காந்த வடக்கை விட்டுவிட்டு உண்மையான வடக்குக்கு மாறும். துருவப் புள்ளியைக் கடக்கும் கணத்தில் அதுவரை 'வடக்கு' என்று காட்டிய திரை, விமானம் திரும்பாமலேயே 'தெற்கு' என்று காட்டும். பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் அந்த உயர் அட்சரேகைகளில் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். வேறு செயற்கைக்கோள்களையும் பழைய சிற்றலை வானொலியையும் நம்ப வேண்டும். சூரியப் புயல் அடித்தால் அந்த வானொலியும் இரைச்சலாகும்.

எரிபொருளையும் கவனிக்க வேண்டும். விமான எரிபொருளான ஜெட் ஏ1, மைனஸ் 47 டிகிரியில் கெட்டியாகத் தொடங்கும். வெளியே காற்று அதைவிடக் குளிராக இருக்கலாம். இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளின் வெப்பநிலை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக இறங்குவதை விமானிகள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்; அளவு மீறி இறங்கினால் உயரத்தைக் குறைப்பார்கள், அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள். வேகம் கூடினால் உராய்வில் இறக்கை சற்றே சூடேறும். இரண்டு என்ஜின் விமானங்களுக்கு இன்னொரு விதியும் உண்டு. ஒரு என்ஜின் நின்றால் மற்றதை வைத்துக்கொண்டு எத்தனை நிமிடத்தில் ஒரு விமான நிலையத்தை எட்ட முடியும் என்பதை வைத்தே வழி அனுமதிக்கப்படும். ஏ350-க்கு 370 நிமிடம் வரை சான்று உண்டு. அந்தச் சான்று இல்லையென்றால் இந்த வழியே இல்லை. துருவ வழிக்கான அமெரிக்க விதிகள், விமானத்தில் கடுங்குளிர் தாங்கும் உடுப்பு குறைந்தது இரண்டு இருக்கவேண்டும் என்கின்றன. வழியில் ஏதோ ஓர் ஆர்க்டிக் ஓடுபாதையில் இறங்க நேர்ந்தால், வெளியே போய் உதவி செய்ய ஆளுக்கு உடுப்பு வேண்டுமே. பயணிகளுக்கோ, வட துருவத்தைக் கடந்தவர் என்று ஒரு சான்றிதழ் கையில் தருகிறார்கள்.

எந்த நாளில் எந்த வழி என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. இந்த இடத்தில் ஒரு ஜப்பானியரைச் சொல்லியாக வேண்டும். வசபுரோ ஓயிஷி என்ற வானிலை ஆய்வாளர், டோக்கியோவுக்கு வடகிழக்கே ததெனோ நிலையத்தில் 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தார். மேலே, மிக உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பெருவேகத்தில் ஓடும் காற்றாறு ஒன்று இருப்பதைக் கண்டார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று அந்த அறிக்கையை 1926-ல் எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அநேகமாக யாருமே படிக்கவில்லை. 1944-ல் ஜப்பான் மேல் குண்டுபோடப் போன அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கித் திணறிய பிறகுதான் வெளியுலகம் அதன் வலுவை உணர்ந்தது. இன்று ஜெட் ஸ்ட்ரீம் என்கிறோம். டோக்கியோவிலிருந்து கிளம்பும் விமானங்கள் பலவும் அந்தக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு பசிபிக் மேல் கிழக்கே பறந்து, அலாஸ்கா வழியாக ஐரோப்பாவுக்கு இறங்குகின்றன. ஜப்பான் ஏர்லைன்ஸின் டோக்கியோ - லண்டன் விமானமும் இப்படியே அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து என்று போகத் தொடங்கியது. 12 மணிப் பயணம் 15 மணியைத் தொட்டது. போகும்போது கிழக்கே, திரும்பும்போது மத்திய ஆசியா வழியாக அதுவும் கிழக்கே. லண்டனுக்குப் போய்வந்த ஒருவர் தன்னையறியாமல் உலகையே ஒரு சுற்று சுற்றிவிடுகிறார்.

நம் வானம்

இந்தப் பூட்டு எல்லோருக்கும் இல்லை. சீன விமானங்கள் இன்றும் ரஷ்யாவின் மேல் பறந்தே ஐரோப்பா போகின்றன. நேரமும் மிச்சம், செலவும் மிச்சம். ஏர் இந்தியாவுக்கும் ரஷ்ய வானம் திறந்தே இருக்கிறது. அந்த வழியின் மறுபக்கமும் நமக்குத் தெரியும். 2023 ஜூன் 6 அன்று டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் என்ஜின் கோளாறால் ரஷ்யாவின் தூரகிழக்கு ஊரான மகதானில் இறங்கியது. 216 பயணிகளும் 16 பணியாளர்களும், மாற்று விமானம் வந்து சேரும்வரை, அந்த ஊரின் விடுதிகளிலும் பள்ளிக்கூடத்திலும் தங்க வேண்டியதாயிற்று.

ஆனால் நமக்கு உண்மையான பூட்டு பக்கத்து வீட்டில். 2019-ல் இந்திய விமானப்படையின் பாலாகோட் தாக்குதலைத் தொடர்ந்து பாகிஸ்தான் வானம் பிப்ரவரி முதல் ஜூலை நடுப்பகுதிவரை மூடிக் கிடந்தது. அதில் ஜூலை 2 வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் இழப்பு என்று நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. காஷ்மீரின் பகல்காமில் நடந்த படுகொலைக்குப் பின், 2025 ஏப்ரல் 24 அன்று, இந்திய விமானங்களுக்கு அந்த வானம் மறுபடி மூடப்பட்டது. ஆறு நாளில் இந்தியாவும் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியது. பிறகு தடை மாதாமாதம் நீண்டது. டெல்லியிலிருந்து அமெரிக்கா போகும் விமானங்கள் சில, எரிபொருளுக்காக வியன்னாவில் இறங்கிப் போயின. டெல்லியிலிருந்து தாஷ்கண்ட், அல்மாட்டி ஊர்களுக்கான சேவையை இண்டிகோ நிறுத்தியே விட்டது. சுற்றிப்போகும் தூரம் அதன் சிறிய விமானங்களுக்கு எட்டாது. டெல்லிக்கும் தாஷ்கண்டுக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய டெல்லிக்கும் சென்னைக்கும் இடையே உள்ள தூரம்தான்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. 1944-ல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் முதல் பிரிவே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வானத்தில் முழு உரிமை உண்டு என்கிறது. அந்த உரிமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே வரலாறு உண்டு. 1971 ஜனவரியில் 'கங்கா' என்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டுப் பிறகு எரிக்கப்பட்டது. பிப்ரவரியில் இந்தியா பாகிஸ்தான் விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. மேற்குப் பாகிஸ்தானிலிருந்து கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போகும் விமானங்கள் இந்தியாவைச் சுற்றி, இலங்கையில் கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு டாக்கா போயின. கராச்சி - டாக்கா தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஒரே நாட்டின் இரண்டு பாதிகள் அந்த மாதங்களில் மேலும் விலகிப்போயின. டிசம்பரில் வங்கதேசம் பிறந்தது. பாகிஸ்தான் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பிடம் புகார் செய்ய, வழக்கு ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம்வரை போனது. இரு நாட்டு விமானங்களும் ஒன்றின் வானில் ஒன்று மறுபடி பறந்தது 1976-ல்.

இதற்கெல்லாம் முன்பே ஒரு வழக்கு நடந்தது. அதை இரு நாட்டு அதிகாரிகளும் இப்போது எடுத்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. டெல்லியிலிருந்து காபூலுக்குப் போகும் விமானங்களை எல்லைப்புறப் பகுதியின் மேல் பறக்க பாகிஸ்தான் அனுமதிக்கவில்லை. 1952-ல் இந்தியா அதே சர்வதேச அமைப்பிடம் புகார் கொடுத்தது. அந்த அமைப்பின் முன் வந்த முதல் தகராறே இதுதான். பிரிவினையின் காயம் ஆறாத காலம். காஷ்மீர்ப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இருந்தும் தீர்ப்புக்குக் காத்திராமல் இரு தரப்பும் உட்கார்ந்து பேசின. தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் இரண்டு வான்வழிகளைத் திறந்துவிட பாகிஸ்தான் சம்மதித்தது. 1953 ஜனவரியில் புகார் சுமுகமாக முடிந்தது.